அத்தியாயம் 6: மலைச்சரிவில் லேண்ட்மாஸ்டர் – பெட்டியும் கருவியும் பூட்டி ஓட்டுதல்

கண்டியைச் சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் கை உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இனி வாங்கப் போகிறவர்களுக்கும் உரியது இந்த அத்தியாயம். கம்பனி எதுவானாலும் ஊரில் அதற்கு லேண்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். இரண்டு சில்லு, முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்னால் நீண்ட இரண்டு கைப்பிடி. பொலன்னறுவையிலும் வன்னியிலும் சமதரையில் ஓடுகிற அதே இயந்திரம்தான் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் மடுல்கலையிலும் ஓடுகிறது. ஆனால் சமதரையில் கைக்குப் பழகிய சில அசைவுகள் சரிவில் நேரெதிராக வேலை செய்யும். அதை அறியாமல் பின்னால் இழுவைப் பெட்டி பூட்டி இறக்கத்தில் இறங்குகிறவர்தான் பெரும்பாலும் விபத்தில் சிக்குகிறார்.

முதலில் ஒரு நிபந்தனை. பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரத்தைப் பாதையில் ஓட்ட, சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஜி1 வகுப்பு இருக்க வேண்டும். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள். தோட்டத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போக எப்படியும் பாதையைத் தொட்டுத்தான் ஆகவேண்டும்.

சரிவை அளந்து பாருங்கள்

இறக்கத்தில் சுமை பின்னாலிருந்து இயந்திரத்தைத் தள்ளுகிறது. எவ்வளவு தள்ளும் என்பதைக் கணக்குப் பார்க்கலாம். இயந்திரம் 350 கிலோ, வெறும் பெட்டி 250 கிலோ, சுமை 500 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 1,100 கிலோ. 5 மீற்றர் போனால் 1 மீற்றர் இறங்குகிற பாதையில், ஏறக்குறைய 215 கிலோ பாரத்துக்குச் சமமான விசை உங்களைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக்கும் எஞ்சினும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். கையால் யாரும் தாங்க முடியாது.

சரிவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பழகிய பாதை எப்போதும் சாய்வு குறைந்ததாகத் தோன்றும். இப்படி அளவெடுங்கள்:

1. சரியாக 1 மீற்றர் நீளமுள்ள நேரான தடி ஒன்றை எடுங்கள்.
2. ஒரு நுனியைப் பாதையின் மேட்டுப் பக்கத்தில் தரையோடு வைத்து, மறு நுனியைப் பள்ளப் பக்கமாக நீட்டிப் பிடியுங்கள்.
3. தடியின் மேல் பாதி நீர் நிரப்பிய போத்தலைப் படுக்க வைத்து மட்டம் பாருங்கள்.
4. பள்ளப் பக்க நுனியிலிருந்து தரைவரை எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து பாருங்கள். 10 சென்ரிமீற்றர் என்றால் நூற்றுக்குப் பத்துச் சரிவு. 20 என்றால் நூற்றுக்கு இருபது.
5. பாதையில் ஆகச் செங்குத்தான இடம் எதுவோ, அந்த அளவையே முழுப் பாதைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வரம்பு இது: நூற்றுக்குப் பத்துவரை, கைநூலில் போட்டிருக்கும் சுமையில் பாதி. பத்துக்கும் இருபதுக்கும் இடையில் கால்வாசி, அதுவும் பாதை காய்ந்திருந்தால் மட்டும். இருபதைத் தாண்டினால் பெட்டி வேண்டாம். தலைச்சுமையாக இறக்கி, கீழே பெட்டியில் ஏற்றுங்கள். இது மிகையான எச்சரிக்கை என்று அனுபவசாலிகள் சிலர் சொல்வார்கள். அவர்கள் ஓட்டுவது பல வருடம் தெரிந்த ஒரே பாதையில். நீங்கள் அப்படியல்ல என்றால் இந்த வரம்போடு நில்லுங்கள்.

பெட்டியைப் பூட்டுதல்

கலஹாப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், கழற்றி வைத்திருந்த இணைப்பு ஆணியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மேலும் கீழும் பழைய கறுப்பு நிறம். நடுவில் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தது. அந்தப் பளபளப்பில் விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட்டது. பெட்டியின் முழு இழுவையும் அந்த ஒரு இடத்தில்தான் விழுகிறது. பார்த்தால் உறுதியாகத் தெரியும் ஆணி, பள்ளம் விழுந்த இடத்தில் ஒருநாள் முறியும். இறக்கத்தில் முறிந்தால் பெட்டி முன்சாய்ந்து உங்கள்மேல் வரும்.

1. இயந்திரத்தையும் பெட்டியையும் சமதரையில் நிறுத்துங்கள். பெட்டியின் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
2. எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும் இயந்திரத்தைப் பின்னே எடுத்து ஓட்டைகளை ஒன்றுசேர்க்கும் பழக்கம் பலரின் விரல்களைக் கொண்டுபோயிருக்கிறது.
3. பெட்டியின் ஏர்க்காலை உதவியாளர் தூக்கித் தர, இயந்திரத்தைக் கையால் நகர்த்தி ஓட்டைகளைப் பொருத்துங்கள். ஓட்டைக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டாம். கம்பித் துண்டு ஒன்றை விட்டுப் பாருங்கள்.
4. ஆணியை மேலிருந்து கீழாகப் போடுங்கள். பூட்டுக் கிளிப் கழன்றாலும் ஆணி தன் பாரத்தில் உள்ளேயே நிற்கும்.
5. பூட்டுக் கிளிப்பை மாட்டுங்கள். கட்டுக்கம்பி முறுக்கிவிடுவது கிளிப்புக்கு ஈடாகாது.
6. ஒரு சங்கிலியைப் பெட்டியின் ஏர்க்காலிலிருந்து இயந்திரத்தின் சட்டத்துக்குக் கொளுவுங்கள். திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும். நிலத்தில் உரசுமளவுக்கு வேண்டாம்.
7. கட்டைகளை எடுத்து, இயந்திரத்தை நடை வேகத்தில் பத்தடி ஓட்டிப் பெட்டிப் பிரேக்கை அழுத்துங்கள். இரண்டு சில்லும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். ஒன்று மட்டும் பிடித்தால் பெட்டி அந்தப் பக்கம் இழுத்துத் திருப்பும். அதைச் சரிசெய்யாமல் புறப்படாதீர்கள்.

செய்யக்கூடாதது: ஆணிக்குப் பதில் வீடு கட்டும் கம்பித் துண்டு போடுவது. கிராமத்தில் எங்கும் கிடைக்கிறது, ஓட்டைக்குள்ளும் போகிறது. ஆனால் ஓட்டையைவிட மெலிந்த கம்பி ஒவ்வொரு குலுக்கலிலும் அடிபட்டு வளையும். பெட்டிக்குரிய ஆணியை, அதே தடிப்பில், உபகரணக் கடையில் வாங்குங்கள். மேலதிகமாக ஒன்றையும் இரண்டு கிளிப்பையும் கருவிப் பெட்டியில் வைத்திருங்கள்.

சுமை ஏற்றுதல்

சீமெந்து என்றால் கணக்கு எளிது. மூடை 50 கிலோ. பத்து மூடை 500 கிலோ. மணல்தான் ஏமாற்றும். நம் பக்கத்தில் மணல் கியூப் கணக்கில் வருகிறது. ஒரு கியூப் 100 கன அடி. காய்ந்த மணலே ஒரு கன அடி 45 கிலோ அளவில் இருக்கும். ஈர மணல் அதற்கும் கூட. 6 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரமுள்ள பெட்டியை விளிம்புவரை நிரப்பினால் 24 கன அடி. அதாவது ஒரு தொன்னுக்கும் மேல். பார்வைக்கு அவ்வளவு பாரம் என்று தோன்றாது. பெட்டியின் உட்பலகையில், உங்கள் பாதைக்குரிய சுமை எந்த உயரம்வரை என்று பெயின்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் யார் கேட்டாலும் ஏற்ற வேண்டாம்.

பாரத்தின் நடு, அச்சுக்குச் சற்று முன்னால் வரவேண்டும். அச்சுக்குப் பின்னால் போனால் ஏர்க்கால் மேலே தூக்கும். இயந்திரத்தின் சில்லுகள் இலேசாகித் தரையைப் பிடிக்காது. எஞ்சின் பிடித்தாலும் சில்லு வழுக்கும். அளவுக்கு மீறி முன்னால் வைத்தால் கைப்பிடி பாரமாகித் திருப்ப முடியாது. சமதரையில் சுமையோடு ஏர்க்காலை ஒருவர் தூக்கிப் பார்க்கட்டும். பாரம் தெரிய வேண்டும். தானாக எழும்பக் கூடாது.

கொழுந்து மூட்டை, புல்லுக்கட்டு போன்றவை பாரம் குறைவு, உயரம் கூடுதல். குறுக்குச் சரிவில் பெட்டி குடைசாய்வது பெரும்பாலும் இவற்றால்தான். பக்கப் பலகைக்கு மேல் அடுக்காதீர்கள். அடுக்கினால் கயிறு குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்குங்கள்.

நீர்த்தாங்கியை அரைவாசி நிரப்பிக் கொண்டுபோவதுதான் ஆகக் கெட்டது. 500 லீற்றர் தாங்கியில் 250 லீற்றர் இருந்தால் 250 கிலோ, வளைவில் ஒரே பக்கமாகப் பாயும். தாங்கியின் முழு நிறை உங்கள் வரம்புக்குள் இருந்தால் நிரப்பிக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் சிறிய கேன்களில் மூடி இறுக்கி அடுக்குங்கள்.

ஆட்களை ஏற்ற வேண்டாம். லயத்திலிருந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களை ஏற்றிய உழவு இயந்திரம் குடைசாய்ந்தது என்ற செய்தி மலையகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டியில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சரிந்தால் குதிக்க நேரமில்லை. “அக்கா, ஏறுங்க, வழியிலதானே” என்று சொல்லத் தோன்றும் இடத்தில்தான் வாயை அடக்க வேண்டும்.

இறக்கம்: இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள்

லேண்ட்மாஸ்டரில் கைப்பிடியின் கீழ் இரண்டு பக்கக் கிளட்ச் உண்டு. வலது கிளட்சைப் பிடித்தால் வலது சில்லுக்கு எஞ்சின் தரும் விசை அறுந்துவிடும். சமதரையில் இடது சில்லு தொடர்ந்து தள்ளுவதால் வண்டி வலப்பக்கம் திரும்பும். இது எல்லோருக்கும் தெரியும்.

இறக்கத்தில் நிலைமை மாறுகிறது. அங்கே எஞ்சின் சில்லுகளை உருட்டவில்லை, உருளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் வலது கிளட்சைப் பிடித்தவுடன், வலது சில்லு அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். இடது சில்லு பிடியிலேயே இருக்கும். ஆக வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. பள்ளம் இடப்பக்கம் இருந்தால் நேரே பள்ளத்துக்குத்தான். பதறுகிறவர் அதே கிளட்சை இன்னும் இறுக்கிப் பிடிப்பார். வண்டி இன்னும் வேகமாக இடப்பக்கம் போகும்.

“அப்படியானால் இறக்கத்தில் எதிர்ப்பக்கக் கிளட்சைப் பிடித்தால் சரிதானே” என்று கேட்பீர்கள். கணக்குச் சரி. ஆனால் பாதை ஒரே சரிவாக இருப்பதில்லை. பத்தடி இறங்கி, ஐந்தடி மட்டமாகி, மறுபடி இறங்கும். எந்த இடத்தில் எஞ்சின் இழுக்கிறது, எந்த இடத்தில் சுமை தள்ளுகிறது என்று ஓட்டத்தில் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆகவே இறக்கத்தில் பக்கக் கிளட்சைத் தொடாமல் ஓட்டப் பழகுங்கள். முறை இதுதான்:

1. இறக்கம் தொடங்குமுன், மட்டமான இடத்தில் முழுதாக நில்லுங்கள்.
2. ஆகக் குறைந்த கியரைப் போடுங்கள். நடுவழியில் கியர் மாற்ற முயன்றால் வண்டி நியூட்றலில் அகப்பட்டு ஓடத் தொடங்கும். மறுபடி எந்தக் கியரும் விழாது.
3. எஞ்சின் வேகத்தைக் குறைத்து, முதன்மைக் கிளட்சை மெதுவாக விட்டு இறங்கத் தொடங்குங்கள். இறங்கி முடியும்வரை அந்த லீவரை இழுக்க வேண்டாம். அதை இழுத்தால் எஞ்சினின் பிடி போய்விடும்.
4. பெட்டிப் பிரேக்கில் கால் இருக்கட்டும். விட்டுவிட்டு அழுத்துங்கள், ஒரேயடியாக மிதித்து வைத்தால் சூடேறிப் பிடி குறையும்.
5. சிறு வளைவுகளைக் கைப்பிடியைப் பக்கவாட்டில் தள்ளியே எடுங்கள். நடை வேகத்தில் இது முடியும். முடியவில்லையென்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.
6. கொண்டை ஊசி வளைவுக்கு முன் பெட்டிப் பிரேக்கைச் சற்று அழுத்தி வைத்து, எஞ்சின் பெட்டியை இழுக்கும்படி வேகம் கொடுங்கள். இப்போது சமதரையில் போலவே பக்கக் கிளட்ச் வேலை செய்யும். பெட்டியும் பின்னாலிருந்து தள்ளி இயந்திரத்தை மடக்காது. வளைவு முடிந்ததும் எஞ்சின் வேகத்தை முதலில் குறைத்து, பிறகு பிரேக்கைத் தளர்த்துங்கள்.

ஆறாவது படியைப் புத்தகம் வாசித்துவிட்டு நேரே பாதையில் செய்யாதீர்கள். மைதான ஓரத்திலோ வெறும் காணியிலோ, நூற்றுக்கு ஐந்துச் சரிவில், வெறும் பெட்டியோடு பழகுங்கள். அங்கே வலது கிளட்சைப் பிடித்து வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை உடம்பால் உணர்ந்தவர் பிறகு மறக்கமாட்டார். பழக்கிவிட ஆள் வேண்டுமென்றால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

வேகம் மீறினால்: மேட்டுப் பக்கமாக இறங்கிவிடுங்கள். கைப்பிடியை விடுங்கள். இயந்திரத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

மழை: ஒக்டோபர், நவம்பரில் கண்டியில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும். சுமை வேலையைக் காலையிலேயே முடியுங்கள். பாசி பிடித்த கொங்கிறீட் பாதை, சேற்றுப் பாதையைவிட மோசம். சேற்றில் டயரின் பல்லாவது கொஞ்சம் பதியும். ஓடையைக் கடந்த பிறகு பிரேக் நனைந்திருக்கும். இறங்குமுன் நான்கைந்து தரம் அழுத்திக் காயவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் கண்டி மாவட்டமெங்கும் மண்சரிந்தது. பார்க்கச் சரியாக இருக்கும் பாதையிலும் ஓரத்துக்குக் கீழே மண் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அன்று வண்டியை எடுக்க வேண்டாம்.

ஏற்றம்

குறைந்த கியரில் தொடங்கி, நிறுத்தாமல் ஏறுங்கள். பெட்டியின் சில்லுக்குப் பின்னால் குறுகிய சங்கிலியில் ஒரு மரக்கட்டையை இழுபட விடுங்கள். எஞ்சின் நின்றால் சில்லு பின்னோக்கி உருண்டு அந்தக் கட்டையில் ஏறி நிற்கும். உதவியாளர் பெட்டிக்குப் பின்னால் நடக்கவே கூடாது. மேட்டுப் பக்க ஓரத்தில், கைக்கெட்டாத தூரத்தில் வரட்டும்.

ரோட்டரி பூட்டி உழுதல்

தலாத்துஓயா, ஹேவாஹெட்டப் பக்கத்து மரக்கறிக் காணிகளும் வயல்களும் படிப்படியாக இருப்பவை. பெட்டியைக் கழற்றி, சுழலும் கத்திகள் கொண்ட ரோட்டரியைப் பூட்டினால், ஆபத்து பாதையிலிருந்து உங்கள் காலடிக்கு வந்துவிடுகிறது.

பின்னோக்கி எடுப்பதுதான் இங்கே முக்கியம். பின்கியர் விழுந்து கிளட்சைச் சடாரென்று விட்டால் கைப்பிடி மேலே எகிறும். நீங்கள் பின்னால் நடந்துகொண்டிருப்பீர்கள்; குதிகால் வரம்பில் தட்டும்; விழுவீர்கள். கத்திகள் சுழன்றபடி உங்கள்மேல் வரும். வரம்போ கல்மதிலோ பலாமரமோ முதுகுக்குப் பின்னால் இருந்தால் விலகவும் இடமில்லை. பல இயந்திரங்களில் ரோட்டரி ஓடும்போது பின்கியர் விழாதபடி பூட்டு உண்டு. பழைய வண்டிகளில் அது தேய்ந்தோ கழற்றப்பட்டோ இருக்கும். பழைய வண்டி வாங்கும்போது, எஞ்சின் நின்ற நிலையில் ரோட்டரி, பின்கியர் இரண்டின் லீவரையும் போட்டுப் பார்த்து இதைச் சோதியுங்கள்.

1. ரோட்டரியைப் பூட்டுமுன் எஞ்சினை நிறுத்துங்கள். கத்தி மரைகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள்.
2. மேல்மூடியும் பின்மூடியும் இல்லாமல் ஓட்டாதீர்கள். கல் நிறைந்த மலைக்காணியில் கத்தி எறியும் கல் துப்பாக்கிக் குண்டுபோல் வரும்.
3. கணுக்கால் மூடும் சப்பாத்து போடுங்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வேண்டாம். தொங்கும் சாரமும் வேண்டாம்.
4. படியின் வெளி விளிம்பிலிருந்து 1 மீற்றர் உழாமல் விடுங்கள். அந்தத் துண்டை மண்வெட்டியால் கொத்துங்கள். மழையில் ஊறிய கல்வரம்பு இயந்திரத்தின் பாரத்தைத் தாங்காது.
5. திரும்பும் இடத்தில்: எஞ்சின் வேகத்தைக் குறை, ரோட்டரியை நிறுத்து, பிறகு திருப்பு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.
6. பின்னே எடுக்க வேண்டுமானால்: நில், ரோட்டரியை நிறுத்து, பின்னால் திரும்பிப் பார், பிறகு பின்கியர், கிளட்சை மெதுவாக.
7. கத்தியில் புல்லோ கயிறோ சுற்றினால் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தடியால் எடுங்கள்.

ஒரு படியிலிருந்து மறு படிக்குப் போக வரம்பை வெட்டிச் சாய்வாக்குங்கள், அல்லது அகலமான பலகை போடுங்கள். வரம்புக்கு நேர்குறுக்காகப் போங்கள். பலகையில் ஏறியபின் பக்கக் கிளட்சைத் தொடாதீர்கள். நேராக இல்லையென்றால் இறங்கி மறுபடி தொடங்குங்கள்.

பெல்ட்டில் ஓடும் கருவிகள்

நீர்ப்பம்பி, மருந்தடிக்கும் பம்பி முதலியவற்றை எஞ்சினின் வி பெல்ட்டில் ஓட்டுவார்கள். சில்லுகளுக்குக் கட்டை, பெல்ட்டுக்கு மூடி, சட்டையின் நீளக் கையைச் சுருட்டுதல், சால்வையைக் கழற்றுதல் எல்லாம் வேண்டும். ஓடும் பெல்ட்டைக் காலால் தள்ளி விழுத்தும் வித்தை வேண்டாம்.

கையால் சுழற்றி எஞ்சினை இயக்கும்போது, கம்பியில் பெருவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். எஞ்சின் எதிர்ச்சுழற்சி கொடுத்தால் கம்பி கையை உதறிக்கொண்டு போகும். பெருவிரல் சுற்றியிருந்தால் அது முறியும்.

நான்கு சில்லு ஏடிவி வைத்திருப்பவர்களுக்கு

தோட்டங்களில் இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சுமை, சரிவு பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும். கூடுதலாக இரண்டு. இழுப்பதைப் பின்னால் உள்ள இழுவைக் கொளுக்கியில் மட்டும் பூட்டுங்கள். சாமான் தட்டில் கயிறு கட்டி மரம் இழுத்தால் முன்சில்லு எழும்பி வண்டி உங்கள்மேல் கவிழும். மருந்துத் தாங்கியைத் தட்டில் வைத்தால் பாரம் உயரத்துக்குப் போகிறது. குறுக்குச் சரிவில் ஓட்டாதீர்கள். இவ்வகை வண்டிகள் கவிழ்ந்து பலர் இறந்ததால், அவுஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபர் முதல் விற்கும் புதிய வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் பொருத்தியிருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

விபத்து நேர்ந்தால்

1. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். கவிழ்ந்து கிடந்தாலும் டீசல் எஞ்சின் ஓடும். எரிபொருள் லீவரை மூடுங்கள். அந்த லீவர் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றே காட்டி வையுங்கள்.
2. வண்டி மேலும் உருளாதபடி கட்டை, கல் வையுங்கள். கீழ்ப்பக்கம் நின்று யாரும் தூக்க வேண்டாம்.
3. 1990 சுவசெரிய நோயாளர் காவு வண்டியை அழையுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிசன், பாதையில் தெரியும் கோயிலோ பாலமோ சொல்லுங்கள். சந்திக்கு ஒருவரை அனுப்பி வழிகாட்டச் செய்யுங்கள்.
4. இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள்.
5. ரோட்டரிக் கத்தியில் கால் அகப்பட்டிருந்தால் எஞ்சினை மறுபடி இயக்கி எடுக்க முயலாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிக் கத்தி அச்சைக் கையால் சுழற்றுங்கள். வரவில்லையென்றால் கத்தி மரைகளைக் கழற்றுங்கள்.
6. விழுந்தவர் முதுகோ கழுத்தோ வலிக்கிறது என்றால், மேலும் மண் சரியும் ஆபத்து இருந்தாலொழிய, உதவி வரும்வரை அசைக்காதீர்கள்.